அது காசு இல்லை

போன மாதம் என் நாத்தனார் பேத்திக்கு முதல் பிறந்தநாள். பரிசாக வந்த பொம்மைகளில் ஒன்று, மூக்கை அழுத்தினால் பாடுகிற கரடி. நான் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். முதுகில் சின்ன மூடி. திருகாணி கிடையாது. நகத்தால் நெம்பினேன், திறந்துகொண்டது. உள்ளே வட்டமாக, பளபளவென்று இரண்டு பேட்டரிகள். இரண்டையும் எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு, பாடாத கரடியைக் குழந்தை கையில் கொடுத்தேன். கரடியை வாங்கி வந்தவர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நாத்தனார் எல்லோர் முன்னாலும், "ஏன் மதினி, ரிட்டயர்டு ஆகியும் ஒங்களுக்கு ஆஸ்பத்திரிப் புத்தி போகலையே" என்றாள். சிலர் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. பேட்டரிகளைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அங்கே சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எக்ஸ்ரே எடுக்கிறவளாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். இராமநாதபுரத்துக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டிய ஓர் ஊர் அரசு மருத்துவமனையில்தான் அதில் பெரும்பகுதி கழிந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் சர்வீசில் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது யாரையும் மாட்டிவிடுவதற்காக அல்ல.

படித்தது மதுரையில், இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் இப்போது நினைவில் நிற்பது இருட்டறையின் சிவப்பு விளக்கும், பிலிம் கழுவும் மருந்துத் தொட்டியில் திரும்பத் திரும்பக் கையை விட்டு நகமெல்லாம் மஞ்சளாகிப் போனதும்தான். அதன்பிறகு வேலை. திருக்கை மீன் முள் குத்திய கால், பனையிலிருந்து விழுந்த இடுப்பு, மோட்டார் சைக்கிளில் நொறுங்கிய முழங்கால், மாதக்கணக்கில் இருமிய நெஞ்சு. ஜனங்கள் என்னை எக்ஸ்ரே அம்மா என்று கூப்பிட்டார்கள். பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

எங்கள் வேலைக்கு ஒரு விதி உண்டு. படம் எடுப்பது நாங்கள், படிப்பது டாக்டர். படத்தில் என்ன தெரிகிறது என்று நோயாளியிடமோ கூட வந்தவர்களிடமோ நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அந்த விதி தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அரைகுறையாகத் தெரிந்தவள் எதையாவது உளறி ஒரு குடும்பத்தைப் பயமுறுத்திவிடலாம். என் சர்வீசில் ஆயிரக்கணக்கான படங்களுக்கு அந்த விதிப்படிதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு படத்துக்கு மூடியிருக்கக் கூடாது.

அந்தப் படம் ஒரு பையனுடையது. பெயர் விக்னேஷ். இரண்டு வயது முடியவில்லை. நயினார்கோவில் பக்கம் அப்பா ஊர், எங்கள் ஊர் அம்மா ஊர். தாய்வீட்டுக்கு வந்த இடத்தில் பிள்ளை வட்டமாக எதையோ வாயில் போட்டதைத் தாய் பார்த்திருக்கிறாள். அவள் விரலை விட்டு எடுப்பதற்குள் விழுங்கிவிட்டது. ஒரு ரூபாய்க் காசாக இருக்கும் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னபடி வாழைப்பழம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். பிள்ளை கக்கிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தாள்.

சீட்டில் "காசு விழுங்கியது, நெஞ்சுப் படம் ஒன்று" என்று எழுதியிருந்தது. ஒன்றே எடுத்தேன். அப்போது பிலிம் காலம். ஈரப் படத்தைக் கிளிப்பில் மாட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். கழுத்தெலும்புக்குக் கொஞ்சம் கீழே, உணவுக்குழாயில், வெள்ளையாக ஒரு வட்டம். அதன் ஓரத்தை ஒட்டி உள்பக்கமாக இன்னொரு மெல்லிய வளையம். காசு அப்படி இருக்காது. காசு ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வெள்ளையாக இருக்கும். நான் அதைப் பார்த்தேன். பிள்ளை அசைந்திருக்கும், அல்லது மருந்துத் தொட்டி பழசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படத்தைக் காயவைத்து டாக்டர் மேசைக்கு அனுப்பிவிட்டேன்.

அன்று பணியில் இருந்த டாக்டர் காசுதான், தானாக இறங்கிவிடும், இரண்டு நாள் மலத்தைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நாலாவது நாள் தாய் திரும்பி வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல். பால் கொடுத்தால் இருமல், மூக்கு வழியாகப் பால் வருகிறது. எங்கள் மருத்துவமனைத் தலைவர் டாக்டர் கதிரேசன்தான் பார்த்தார். அவர் குழந்தை மருத்துவர். பழைய படத்தை எடுத்து வரச் சொல்லி வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு உடனே மதுரைக்கு அனுப்பினார். அங்கே எடுத்தபோது அது பேட்டரி. அதற்குள் உணவுக்குழாயிலிருந்து மூச்சுக்குழாய்க்கு ஓட்டை விழுந்திருந்தது. பேட்டரியை எடுத்து ஒரு வாரம் கழித்து, பிள்ளை ரத்தமாக வாந்தி எடுத்து இறந்துபோனது.

செய்தி வந்த அன்று டாக்டர் கதிரேசன் என்னைக் கூப்பிட்டார். அவர் ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியவர் இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அந்தப் படம் பெட்டியில் மாட்டியபடியே இருந்தது.

"இதை எடுத்தப்ப என்ன பார்த்தீங்க?"

"ரெண்டு வளையம் தெரிஞ்சுச்சு சார். பிலிம் கோளாறுன்னு நெனச்சேன்."

"பார்த்தீங்க. சொல்லல" என்றார். அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டு வெளி நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் பிள்ளையின் தகப்பன் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார். வேன் ஓட்டுகிறவர். பெயர் ராசு. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"யம்மா, நீங்கதான படம் எடுத்தீக?"

"ஆமாய்யா."

"அதுல தெரிஞ்சுச்சா, பேட்டரின்னு?"

எங்களுக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது, டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். விதி அதைத்தான் சொல்லச் சொல்கிறது. நான், "தெரிஞ்சுச்சு. எனக்குப் புரியல. வாயத் தொறந்து சொல்லவும் இல்ல" என்றேன். அவர் என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாயும் பிள்ளையும் ஊருக்கு வந்த அவர் வேனில் பாட்டுப் பெட்டிக்கு அட்டை மாதிரி ஒரு மெல்லிய ரிமோட் இருந்ததாம், பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கியதாம். அதன் மூடி உடைந்துபோய், அவர்தான் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தாராம். "ரப்பரு நான் போட்டதுதாம்மா" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேட்டரியைப் பற்றி அந்த ஊரில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. கடைக்காரன் சொல்லவில்லை. ரிமோட் செய்தவன் எழுதவில்லை. படத்தில் பார்த்த நானும் சொல்லவில்லை. எல்லாருடைய பழியையும் அந்த ஆள் ஒற்றை ரப்பர் பேண்டில் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வாரம் டாக்டர் கதிரேசன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு எக்ஸ்ரே அறைக்கு வந்தார். பொட்டலத்தில் ஒரு ரூபாய்க் காசு ஒன்று, ரிமோட் பேட்டரி ஒன்று, இலையில் சுற்றிய ஆட்டுக் கறி இரண்டு துண்டு. ஒரு பிலிமைப் போட்டு, காசையும் பேட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து எடுக்கச் சொன்னார். பிறகு இரண்டையும் களிமண்ணில் செருகி நிற்கவைத்துப் பக்கவாட்டில் எடுக்கச் சொன்னார். கழுவிப் பார்த்தோம். படுத்த நிலையில் காசு ஒரே வெள்ளை. பேட்டரிக்கு இரண்டு வளையம். நின்ற நிலையில் காசு நேரான ஒரு கோடு. பேட்டரியில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும், நடுவில் ஒரு படிக்கட்டு வைத்த மாதிரி. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கறித் துண்டுகளுக்கு நடுவே பேட்டரியை வைத்து, கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்டீல் தட்டில் மேசையோரம் வைத்தார். "ஓ.பி. நோயாளிங்களப் பார்த்து முடிச்சிட்டு வாரேன், யாரும் தொடாதீங்க" என்றார். அரைமணி கழித்து நான் எட்டிப் பார்த்தபோது ஓரத்தில் நுரை பொங்கியிருந்தது. அவர் திரும்பி வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. துண்டைப் பிரித்தார். குறுகலான பக்கம் பட்ட இடத்தில் கறி கன்னங்கரேலென்று கருகி, விரல் வைத்தால் குழைந்தது. நர்சுகளையும், துப்புரவு வேலை பார்த்த அம்மாக்களையும் வரவழைத்துக் காட்டினார். பேட்டரி உடைந்து மருந்து ஒழுக வேண்டியதில்லை, ஈரச் சதையில் சிக்கினாலே போதும், மின்சாரம் ஓடி அந்த இடத்திலேயே காஸ்டிக் சோடா மாதிரி காரம் ஊறும், அந்தக் காரம்தான் அரிக்கிறது என்று சொன்னார். தீர்ந்துபோன பேட்டரி என்று தூக்கி எறிகிறோமே, அதிலும் பிள்ளையின் தொண்டையைச் சுடுகிற அளவுக்கு மிச்சம் இருக்கும் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் எல்லாம் எனக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காசு-பேட்டரிப் படத்தை வெளிச்சப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினேன். அன்றிலிருந்து எனக்கென்று இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். எச்சில் வடிக்கிற பிள்ளை, சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளை, காரணம் தெரியாமல் கக்குகிற பிள்ளை, எது வந்தாலும் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் தாடையிலிருந்து வயிறுவரை படத்துக்குள் வரும்படி வைப்பேன். வட்டமாக எதுவும் தெரிந்தால் பக்கவாட்டிலும் ஒன்று எடுப்பேன். கேட்காத படத்தை ஏன் எடுத்தாய் என்று பிலிம் கொடுக்கிற ஸ்டோரில் சில தடவை கேட்டார்கள். பிள்ளை ஆடிவிட்டது என்று சொல்வேன். பொய்தான்.

வருடங்கள் போயின. இருட்டறையைப் பூட்டினோம். பிலிமுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் படம் விழுந்தது. டாக்டர் கதிரேசனே தலைவராக இருந்தார், ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தர்ஷினி என்ற பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை யாழினிக்குப் பதினைந்து மாதம். சட்டை முன்பக்கம் முழுக்க எச்சிலில் நனைந்திருந்தது. பணியில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன இளம் டாக்டர். தொண்டைப் புண், சளி என்று எழுதி, நெஞ்சுப் படம் கேட்டிருந்தார்.

குழந்தை ஏதாவது விழுங்கியதா என்று கேட்டேன். "இல்லையம்மா, ஒண்டும் விழுங்கேல்லை. காலமை எழும்பிக் கொஞ்ச நேரம் விளையாடினவள். அதுக்குப் பிறகு பால் குடிக்கிறாள் இல்லை. கொடுத்தா துப்புறாள்" என்றாள். விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை. இந்தக் கேசில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

தாடையிலிருந்து வயிறுவரை வைத்து எடுத்தேன். திரையில் வட்டம் விழுந்தது. அதற்குள் இரண்டாவது வளையமும். தர்ஷினியைக் குழந்தையைப் பிடிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் ஒன்று எடுத்தேன். படிக்கட்டு.

இளம் டாக்டர் அறைக்கு ஓடினேன். அவர் திரையில் பார்த்துவிட்டு, காசு போலிருக்கிறது, காது மூக்கு தொண்டை டாக்டர் சாயங்காலம் வருவார், அதுவரை எதுவும் கொடுக்காமல் வைத்திருப்போம் என்றார். பேட்டரி சார், விழுங்கி எத்தனை நேரம் ஆயிற்றோ தெரியாது, சாயங்காலம்வரை தாங்காது என்றேன். அவர் முகம் இறுகியது. படம் எடுப்பதுதான் என் வேலை, முடிவு அவருடையது என்றார். டாக்டர் கதிரேசனுக்குப் போன் போட்டேன். அவர் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தார். எடுக்கவில்லை.

நான் திரும்பி நேராகத் தர்ஷினியிடம் போனேன். வராந்தாவில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னேன்.

"அது காசு இல்ல. பேட்டரி. தொண்டைக்குக் கீழ சிக்கியிருக்கு, உள்ள சுட்டுக்கிட்டிருக்கு. இங்க எடுக்க வசதி இல்ல. மதுரைக்குப் போகணும், இப்பவே போகணும்."

அவள் முதலில் நம்பவில்லை. தங்கள் வீட்டில் பேட்டரியில் ஓடுகிற சாமான் எதுவுமே இல்லை என்றாள். பிறகு அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "விளக்கு" என்றாள். இராமேஸ்வரத்தில் கோவிலுக்குப் போனபோது, சாமி படத்துக்கு முன்னால் வைக்க பேட்டரியில் எரிகிற அகல் விளக்கு வாங்கி வந்திருக்கிறாள். ஒற்றை அறை வீடு, தவழ்ந்து நடக்கிற பிள்ளை, எண்ணெய் விளக்கு வைத்தால் இழுத்துப் போட்டுச் சுட்டுக்கொள்வாள் என்று பயந்து வாங்கியது. "பிள்ளை நெருப்பில படக் கூடாதெண்டுதானே அம்மா வாங்கினனான்" என்றாள்.

ஆம்புலன்சில் அனுப்ப டாக்டர் கையெழுத்து வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த பழைய பிலிமைப் பிய்த்துக்கொண்டு மறுபடி அவர் அறைக்குப் போனேன். திரைக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்காட்டினேன். அவர் பிலிமைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி பிலிமைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார், இரண்டு மாத டாக்டர், பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "வராந்தாவுல வச்சு நீங்க பேசினத நான் எழுத்துல கொடுப்பேன்" என்றார். கொடுங்கள் என்றேன்.

தர்ஷினியின் புருஷன் பெயிண்டு வேலைக்குத் தொண்டிப் பக்கம் போயிருந்தான், போனில் கிடைக்கவில்லை. முகாமில் சொல்லாமல் மதுரைவரை போக அவளுக்குப் பயம். பதினைந்து மாதப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தெரியாத ஊருக்கு, தனியாக. ஆம்புலன்ஸ் வாசலில் கால் எடுத்து வைக்காமல் நின்றாள். நான் எக்ஸ்ரே அறையைப் பூட்டிச் சாவியை நர்சிடம் கொடுத்தேன். முகாம் ஆபீசுக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். "ஏறும்மா, நானும் வாரேன்" என்று வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். லீவு எழுதிக் கொடுக்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

வண்டி புறப்பட்டதும் மதுரையில் என்னோடு படித்த ராதாவுக்குப் போன் போட்டேன். அவள் அங்கே பெரிய மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் இருந்தாள். திரையிலிருந்து என் போனில் பிடித்து வைத்திருந்த படங்களை அவள் போனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அங்கிருந்து தொண்டை மருத்துவரே பேசினார், ஒரு பெண் டாக்டர். தியேட்டரைத் தயார் பண்ணி வைக்கிறேன் என்றார். குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிட்டதா, எச்சிலையாவது விழுங்குகிறதா, காலையில்தான் விழுங்கியதா என்று கேட்டுவிட்டு, தேன் வாங்கி இரண்டு சின்ன ஸ்பூன், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஆறு தடவைக்கு மேல் வேண்டாம் என்றார். வேறு எதுவும் கொடுக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உள்ளே சுடுவதைத் தேன் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான், அதற்காக வண்டி நிற்கக் கூடாது என்றார். உச்சிப்புளியில் டிரைவர் ஒரு கடை முன்னால் வேகத்தைக் குறைத்தார், உதவியாளர் குதித்து ஓடித் தேன் பாட்டிலோடு வந்து ஏறினார். தர்ஷினி மடியில் பிள்ளையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள், நான் ஊட்டினேன். பாதி வெளியே வழிந்தது, பாதி உள்ளே போயிற்று.

பரமக்குடி தாண்டும்போது தர்ஷினி, தன் பிள்ளை செத்துப்போகுமா என்று என்னிடம் கேட்டாள். அழாமல்தான் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். பொய் சொல்லித் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வளையத்தைப் பார்த்து ஒருமுறை வாய்மூடி இருந்தேன், அந்தப் பிள்ளை போய்விட்டது, அதனால்தான் இந்த வண்டியில் இருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மதுரை வரும்வரை விடவில்லை.

மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு, அரைமணியில் எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து ஸ்டீல் கிண்ணத்தைக் காட்டினார். காலையில் பளபளவென்று இருந்திருக்க வேண்டியது, அடுப்புக் கரி மாதிரி கிடந்தது. உணவுக்குழாய் சுவரில் ஒரு பக்கம் ஆழமாகச் சுட்டிருக்கிறது, ஓட்டை விழவில்லை, ஆனால் பயம் இன்னும் தீரவில்லை, அடுத்த மூன்று வாரமும் ரத்தக் கசிவு வரலாம் என்றார். சாயங்காலம்வரை விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், தர்ஷினியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலை அவள் புருஷன் வந்து சேர்ந்தபிறகு நான் பஸ் ஏறினேன்.

யாழினி மூக்கில் குழாயோடு மூன்று வாரம் அங்கே கிடந்தாள். பிழைத்தாள். அதோடு முடிந்துவிடவில்லை. சுட்ட இடம் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிப்போனதால், ஒரு வருடத்துக்கு மேல் மதுரைக்குப் போய்ப் போய் விரித்துவிட்டு வந்தார்கள். சோற்றைக் கூழாகக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இட்லி சாப்பிடுகிறாள், மெதுவாக.

எனக்கு மெமோ வந்தது. மூன்று குற்றச்சாட்டு. கேட்காத படம் எடுத்தது. படத்தைப் பற்றி உறவினரிடம் கருத்துச் சொன்னது. அனுமதி இல்லாமல் பணியிடத்தை விட்டுப் போனது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் நல்ல மனதோடு விளக்கம் எழுதித் தந்தார். குழப்பமான சூழ்நிலை, மனிதாபிமான அடிப்படை, இனி நடக்காது, மன்னிக்கவும் என்று ஒரு பக்கம். அதை மடித்து வைத்துவிட்டு நானே எழுதினேன். "மூன்றும் உண்மை. அதே படம் மறுபடி வந்தால் மூன்றையும் மறுபடி செய்வேன்." கீழே கையெழுத்து.

டாக்டர் கதிரேசன் கூப்பிட்டு அனுப்பினார். என் காகிதம் அவர் முன்னால் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"ரெண்டாவது வரியை எடுத்துட்டா இதை இங்கயே முடிச்சிருவேன்."

"மொத வரி அவங்களுக்கு சார். ரெண்டாவது வரிதான் எனக்கு."

அவர் காகிதத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். அந்த இளம் டாக்டர் நடந்ததை நடந்தபடிதான் எழுதியிருக்கிறார், ஒரு வார்த்தை கூட்டவில்லை என்றார். தெரியும் சார் என்றேன். விதி இல்லாமல் ஆஸ்பத்திரி நடத்த முடியாது என்றார். அதுவும் தெரியும் என்றேன். "அப்ப தண்டனை வரும்" என்றார். வரட்டும் என்றேன். அவர் என் காகிதத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் மேலே அனுப்பினார். கூடவே அவருடைய குறிப்பு ஒன்றும் போனதாகப் பிறகு கிளார்க் சொன்னார். அதில் என்ன எழுதியிருந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து மேலிடத்திலிருந்து கண்டனம் என்று வந்தது. என் பணிப்பதிவேட்டில் அதைச் சிவப்பு மையில் ஏற்றினார்கள்.

வலித்ததா என்று கேட்டால், வலித்தது. முப்பது வருடப் பதிவேட்டில் அதுவரை ஒரு கறை கிடையாது. ஆனால் அதன்பிறகு நான் வாயை மூடவில்லை. தடுப்பூசி நாட்களில் பிள்ளைகளோடு வரும் தாய்மாரிடம் ரிமோட் மூடியைத் திருகாணி போட்டோ நல்ல டேப் ஒட்டியோ வையுங்கள், திருகாணி இல்லாத பொம்மையை வாங்காதீர்கள், தீர்ந்த பேட்டரியை ஜன்னல் ஓரத்தில் போடாதீர்கள் என்று சொன்னேன். பிள்ளை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே பழமும் சோற்று உருண்டையும் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள், காசு என்று யாராவது சொன்னால் இரண்டு பக்கமும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். இதெல்லாம் நர்சு வேலை, உனக்கெதற்கு என்றார்கள். கீழக்கரையில் துபாய்ச் சாமான் விற்கிற ஒரு கடையில் போய், மூடி திறந்துகொள்கிற பொம்மைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். கடைக்காரர் முதல் நாள் என்னை வெளியே போகச் சொன்னார். அடுத்த வாரமும் போனேன். மூன்றாவது வாரம், "ஒக்காருங்கம்மா, எதெதுன்னு காட்டுங்க" என்றார்.

நான் ஓய்வு பெற்ற அன்று மருத்துவமனையில் சின்ன விழா. மாலை, சால்வை, கேசரி, மிக்சர். வழக்கப்படி கிளார்க் என் பணி விவரத்தை வாசித்தார். சேர்ந்த நாள், ஊர் மாற்றல்கள், எடுத்த விடுப்பு, பெற்ற பாராட்டுக் கடிதம் ஒன்று. மரியாதைக்காகக் கண்டனத்தை விட்டுவிட்டு மடித்தார். நான் எழுந்து, விட்டதையும் வாசிக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். வேண்டாம்மா, இன்னிக்கு எதுக்கு என்றார். பதிவேட்டை நானே வாங்கினேன். சிவப்பு மையில் இருந்ததை, எண்ணோடும் தேதியோடும் சேர்த்து, மைக்கில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். "நோயாளியின் உறவினரிடம் எக்ஸ்ரே படத்தைப் பற்றி அனுமதியின்றிக் கருத்துத் தெரிவித்தமைக்காகக் கண்டிக்கப்படுகிறார்." படம் எடுக்கிறவள் ஒருத்தி, தான் பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே சொன்னாள் என்பதற்கு அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த சான்று அது ஒன்றுதான். அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.